பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கிய சைக்கிள்

ஒரு டயரிடம் நான் முழுதாகத் தோற்றுப்போன மாலை அது. பழைய சைக்கிளை வாங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. இரண்டு டயர்களும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்ததால், ஒரே மாதிரி இரண்டு புது டயர் வாங்கி வந்தேன். பின் சக்கரத்தில் ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது. முன் சக்கரத்தில் ஏறவே இல்லை. ஒரு பக்கத்தை உள்ளே தள்ளினால் எதிர்ப்பக்கம் வெளியே வந்தது. டயர் லீவர் ஒன்று உடைந்தது. அப்புறம் இன்னொன்று. புத்தி கெட்டுப்போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். டியூபில் ஓட்டை விழுந்தது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், டயரை வெயிலில் போட்டு இளக வைத்துப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரலும் வீங்கியதுதான் மிச்சம்.

மறுநாள் சக்கரத்தையும் சைக்கிளையும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் டயரைத் தொடவே இல்லை. குனிந்து பிரேக் கட்டைகளைப் பார்த்தார்.

“முன்னாடி கட்டை மேலே நிக்குது, பின்னாடி கட்டை கீழே இறங்கி நிக்குது. பாத்தீங்களா சார்?”

பார்த்தேன். ஆறு வாரமாகத் தினமும் பார்த்திருக்கிறேன்.

“ரெண்டு சக்கரமும் ஒரே சைஸ்னு உங்களுக்கு யார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. சைக்கிள் என்றால் இரண்டு சக்கரமும் ஒரே அளவுதான் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டது. முன் சக்கரம் 27 இன்ச் என்று அழைக்கப்படும் பழைய அளவு. டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 630 மி.மீ. பின் சக்கரம் 700சி. அதே இடத்தில் 622 மி.மீ. விட்டத்தில் 8, ஆரத்தில் 4 மி.மீ. வித்தியாசம். தள்ளி நின்று பார்த்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. டியூப் இரண்டுக்கும் ஒன்றே பொருந்தும், அதனால் பஞ்சர் ஒட்டும்போதும் தெரியாது. டயர் மட்டும் பொய் சொல்லாது. 622 டயர் 630 ரிம்மில் ஏறாது. தலைகீழாக, 630 டயரை 622 ரிம்மில் போட்டால் சுகமாக ஏறிவிடும். காற்று அடித்ததும் ரிம்மை விட்டுக் கழன்று டியூப் வெடிக்கும். ஏறாமல் அடம்பிடித்ததற்கு நான் அந்த டயருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

சைக்கிள் சக்கர அளவுகளைப் போல் பெயரும் பொருளும் சண்டை போட்டுக்கொள்ளும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 28 இன்ச் என்று விற்கப்படும் டயர்களில் 622-உம் உண்டு, 635-உம் உண்டு. மலைச் சைக்கிள்காரர்கள் 29 என்று சொல்வதும் அதே 622-தான். ஆக, 622 அளவுள்ள 28-உம் 29-உம் ஒரே ரிம். 27 இவை இரண்டையும் விடப் பெரியது! 26 இன்னும் மோசம். அந்தப் பெயரில் 559, 571, 584, 590, 597 என்று ஐந்து ரிம் அளவுகள் இருக்கின்றன, ஒன்றின் டயர் மற்றொன்றில் சேராது. அதனால் இப்போதெல்லாம் இன்ச் கணக்கை நான் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. டயரின் பக்கவாட்டில் 32-630, 28-622 என்று சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். இந்த இரண்டாவது எண் இரு சக்கரத்திலும் ஒன்றுதானா என்று பார்க்கப் பத்து விநாடி போதும். நான் அந்தப் பத்து விநாடியைச் செலவழிக்கவில்லை.

வாங்கிய அன்று அப்படி எதைத்தான் பார்த்தேன்? பெயின்ட் பார்த்தேன். மணி அடித்துப் பார்த்தேன். சீட் கிழிந்திருக்கிறதே என்று கவலைப்பட்டேன். விற்றவர் வயதானவர், நல்ல மனிதர். “செயின் புதுசு தம்பி, போன மாசம்தான் போட்டேன்” என்றார். பளபளவென்று இருந்தது. அந்தச் செயினைப் பார்த்துத்தான் வாங்கும் முடிவையே எடுத்தேன் என்று சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை. செயின் புதுசுதான். அதுதான் சிக்கலே.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் காசு கொடுத்து வாங்கிய மாடு. பல்லைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பின் சக்கரத்துப் பற்களை.

சமதளத்தில் ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மேடு. சீட்டிலிருந்து எழுந்து முழு பாரத்தையும் பெடலில் போட்டேன். ‘டக்’. கால் காற்றில் ஒரு குத்து குத்தியது, வயிறு ஹேண்டில்பாரில் போய் மோதியது. மறுபடி மிதித்தேன், மறுபடி ‘டக்’. கியர் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று கம்பியைத் திருகிப் பார்த்தேன். மாற்றமில்லை. புதுச் செயின், பழைய ஃபிரீவீல் (பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத் தொகுதி). இரண்டும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பழைய சைக்கிள் வாங்கும் எவரும் இதில்தான் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. பற்களின் இடைவெளியும் அதே கணக்கில் வெட்டியது. ஓட ஓட மண்ணும் எண்ணெயும் குழைந்து அரைக்கும் பசைபோல் ஆகி, ஒவ்வொரு பின்னும் அது நுழைந்திருக்கும் துளையும் தேய்கின்றன. செயின் இழுத்துப்போச்சு என்று சொல்கிறோமே, இரும்பு ஒன்றும் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. நூற்றுச் சொச்சம் மூட்டுகளில் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் சேர்ந்து மொத்த நீளம் கூடுகிறது. நீண்ட செயின் பற்களின் மேலே ஏறி உட்கார்ந்து, பற்களையும் தன் நீளத்துக்கு ஏற்பத் தேய்த்துக்கொள்கிறது. கொஞ்ச காலத்தில் இரண்டும் ஒரே அளவுக்குக் கெட்டுப்போய், ஆச்சரியமாக, ஒற்றுமையாக ஓடுகின்றன. பழைய செயின், பழைய பல், சத்தமில்லாத ஓட்டம்.

இந்தக் குடும்பத்துக்குள் ஒரு புதுச் செயினைக் கொண்டுவந்தால் கதை மாறுகிறது. அதன் இடைவெளி சரியான அரை இன்ச். தேய்ந்த பற்களின் இடைவெளி அதற்கு ஒத்துவராது. பல பற்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய பாரத்தை ஒன்றிரண்டு பற்களே தாங்குகின்றன. அவையும் ஒரு பக்கம் சாய்ந்து சுறாமீனின் துடுப்புபோல் ஆகியிருந்தால், அழுத்தி மிதித்ததும் செயின் அந்தச் சரிவில் ஏறி அடுத்த பல்லுக்குத் தாவுகிறது. என் வயிற்றில் விழுந்த குத்து அதுதான்.

ஆகவே புதுச் செயின் போட்ட பழைய சைக்கிளைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள், பற்களைப் பாருங்கள். எப்போதும் அதிகம் ஓடும் பல்சக்கரம்தான் முதலில் தேயும். பக்கத்தில் இருக்கும் அதிகம் ஓடாத சக்கரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். செயினை அளக்க ஒரு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், 12 இன்ச் கோட்டின் மேல் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். 1/16 இன்ச் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் காலம். 1/8 இன்ச் தள்ளியிருந்தால் பற்களும் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேல் கையில் இல்லையா? முன்பக்கப் பெரிய பல்சக்கரத்தின் முன் முனையில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். நல்ல செயின் ஒட்டிக்கொண்டு நிற்கும். தேய்ந்தது தூக்கிக்கொண்டு வந்து பல்லின் நுனியைக் காட்டும்.

இரண்டும் சேர்ந்தே தேய்ந்திருந்தால்? நான் வாங்குவேன். தாவாமல் ஓடும் வரை ஓட்டிவிட்டு, ஒருநாள் இரண்டையும் சேர்த்து மாற்றுவேன். அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளலாம். கூட ஒன்று: ஃபிரீவீல் சக்கரத்தின் மரையில் திருகி நிற்பது, மிதிக்க மிதிக்க அது இன்னும் இறுகிக்கொண்டே போகும். பல வருஷம் ஓடியதைக் கழற்ற அதற்கென்று உள்ள சாவியும் நீண்ட ஸ்பேனரும் முரட்டுக் கையும் வேண்டும். எனக்குக் கழற்றிக் கொடுத்தவர் சக்கரத்தோடு குஸ்தி போட்டார் என்றே சொல்ல வேண்டும்.

ஃபிரீவீல் மாறியது, தாவல் நின்றது. ஐந்து வாரம் நிம்மதி. அதற்கப்புறம்தான் டயர் கதை. அந்த மெக்கானிக் காட்டிய பிறகு, இரண்டையும் சேர்த்து யோசித்தேன். முன்பு எப்போதோ பின் சக்கரம் கெட்டிருக்கிறது. கைக்குக் கிடைத்த 700சி சக்கரத்தைப் போட்டு, பழைய சக்கரத்திலிருந்த ஃபிரீவீலைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள். பிரேக் கட்டையை 4 மி.மீ. கீழே இறக்கியிருக்கிறார்கள், அந்தப் பிரேக்கின் நீள்துளையில் அதற்கு இடம் இருந்தது. அப்புறம் செயின் சத்தம் போட ஆரம்பித்ததும் செயினை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எல்லாமே என் கண்முன் எழுதித்தான் வைத்திருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து பழைய சைக்கிளில் எது தேய்ந்திருக்கிறது என்று தேடுவதைக் குறைத்துக்கொண்டேன். எது புதுசாக இருக்கிறது, எது ஜோடி சேராமல் இருக்கிறது என்று தேடுகிறேன். தேய்மானம் எல்லாச் சைக்கிளுக்கும் உண்டு. மாற்றப்பட்ட பாகத்துக்கு மட்டும்தான் ஒரு காரணம் உண்டு. விற்பவரிடம் “ஏதாவது ரிப்பேர் இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். “இந்த இடது கிராங்க் மட்டும் ஏன் வேறயா இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும். (கிராங்க் என்பது பெடல் மாட்டியிருக்கும் கை.)

இடது கிராங்க் என்று சும்மா சொல்லவில்லை. என் சைக்கிளில் அதுவும் வேறு. சதுர முனை அச்சில் மாட்டும் கிராங்கின் போல்ட்டு தளர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால், அலுமினியக் கிராங்கின் சதுரத் துளை கொஞ்சம் கொஞ்சமாக வட்டமாகிவிடும். அப்புறம் எத்தனை இறுக்கினாலும் ஒரு வாரத்தில் ஆட்டம் கண்டுவிடும், புதுக் கிராங்க்தான் வழி. யாரோ அப்படி மாற்றியிருக்க வேண்டும். அழுக்கைத் துடைத்தபோது கிராங்கின் உள்பக்கம் எண்கள் தெரிந்தன. வலது 170, இடது 175. ஒரு காலுக்கு 5 மி.மீ. நீளமான கிராங்க்! சொன்னால் நம்ப மாட்டீர்கள், மூன்று மாதம் ஓட்டியும் எனக்கு அது தெரியவில்லை. தெரிந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் இடது கால் நொண்டுவதுபோல் இருந்தது. முழங்கால்கூட வலித்தது. வலி முழங்காலிலா மனதிலா என்று சொல்வது கடினம். அந்தக் கிராங்கை இன்னும் மாற்றவில்லை. இப்போது மறந்துவிட்டேன், வலியும் இல்லை.

பெடலுக்கு வேறு கதை. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும், மிதிக்க மிதிக்கக் கழன்று வராமல் இருப்பதற்காக. விமானம் கட்டுவதற்கு முன் சைக்கிள் செய்து விற்ற ரைட் சகோதரர்களும் தங்கள் சைக்கிள்களில் இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். அச்சின் முனையில் எல், ஆர் என்று பொறித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல், அவசரத்தில் வலது பெடலை இடது கிராங்கில் திணித்து ஸ்பேனரால் முறுக்கும் ஆட்கள் உண்டு. எஃகு அச்சு, அலுமினியக் கிராங்க்; யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மரை கழன்ற கிராங்கில் பெடல் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். பெடலைக் கையால் சுற்றிவிட்டு, அச்சு நேராக இருக்கிறதா, தலையாட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சேராத ஜோடிகளில் எனக்கு நிஜமாகவே பயம் தருவது பிரேக்தான். நான் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்த சைக்கிள் ஒன்றில், வி-பிரேக்குக்கு (சக்கரத்தின் இரு பக்கமும் நீண்ட கைகள் நிற்கும் வகை) உரிய கைப்பிடியைப் பழைய கவட்டை மாதிரி பிரேக்கோடு இணைத்திருந்தார்கள். வி-பிரேக் கைப்பிடி ஒரு பிடிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு கம்பியை இழுக்கும். நீளம் அதிகம் இழுத்தால் விசை குறையும், நெம்புகோல் கணக்கு அதுதான். பிடித்ததும் கல்லைப் பிடித்தது போல் இறுக்கமாக இருந்தது. ஆகா, நல்ல பிரேக் என்று தோன்றியது. சைக்கிள் மட்டும் நிற்கவில்லை. தலைகீழ் ஜோடியில், அதாவது பழைய கைப்பிடியில் வி-பிரேக்கை மாட்டினால், பிடி கொழகொழவென்று ஹேண்டில்பார் வரை வரும், ஆனால் திடீரென்று சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். முன் சக்கரமாக இருந்தால் ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போவார். இரண்டு பாகங்களும் தனித்தனியே பார்த்தால் புத்தம் புதுசாக இருக்கலாம். அதனால் பிரேக்கை நின்றபடி பிடித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை, ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பிரேக்கைப் பார்க்கும்போதே ரிம்மையும் தடவிவிடுங்கள். கட்டை உரசும் பக்கச் சுவர் தட்டையாக இருக்க வேண்டும். விரல் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்தச் சுவர் மெலிந்துவிட்டது. காற்றழுத்தம் தாங்காமல் ஒருநாள் பிளக்கும். சில ரிம்களில் தேய்மானம் காட்ட ஒரு கோடோ புள்ளியோ குழித்திருப்பார்கள், அது மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. சின்னக் கோட்டத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, கம்பிகளைத் திருகி எடுத்துவிடலாம்.

சீட்டுக் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் விட்டம் 26.8, 27.0, 27.2 என்று 0.2 மி.மீ. ஏற்றத்தில் பல அளவுகளில் வருகிறது. அளவு தெரியாமல் சிறியதைப் போட்டவர்கள் கவ்வும் போல்ட்டை இறுக்கி இறுக்கி, அதன் இரண்டு காதுகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். நடுவே தகரத்துண்டு எட்டிப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். இன்னொரு ஆபத்து, எஃகு ஃபிரேமுக்குள் அலுமினியக் கம்பி வருஷக்கணக்காக நகராமல் இருந்து அரித்து ஒட்டிக்கொள்வது. சீட்டை ஒரு இன்ச் உயர்த்திக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். “அது அப்படியே இருக்கட்டும், உங்க உயரத்துக்குச் சரியாத்தான் இருக்கு” என்று பதில் வந்தால் நான் கிளம்பிவிடுவேன்.

கைப்பிடி ரப்பர், பிரேக் கம்பி, மட்கார்டு, மேலோட்டமான துரு, கிழிந்த சீட், இவற்றுக்கெல்லாம் ஒரு விநாடிகூட வேண்டாம். விலை பேச உதவும், அவ்வளவே.

ஃபிரேம் மட்டும் வேறு விஷயம். அங்கே எந்தச் சமாதானமும் கிடையாது. ஹேண்டில்பார் நுழையும் குழாயிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாய் இருக்கிறதே, அதன் அடிப்பக்கத்தில், மேல் முனையை ஒட்டி விரலை ஓட்டுங்கள். சின்ன அலைபோல் ஒரு புடைப்போ, பெயின்ட்டில் குறுக்கே ஒரு விரிசலோ தட்டுப்பட்டால், அந்தச் சைக்கிள் நேராக எதிலோ மோதியிருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் நிறம் ஃபிரேமின் நிறத்தோடு சேரவில்லை என்றாலும் இதே சந்தேகம் வர வேண்டும். ஃபோர்க்கை யாரும் ஆசைக்கு மாற்றுவதில்லை. பின்பக்கம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் அச்சு உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் கட்டி, முன் குழாயைச் சுற்றி, மறுபக்கத்துக்கு இழுத்துக் கட்டினால், சீட்டுக் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். விற்பவர் முன்னால் நூல்கண்டை எடுப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். முதல் தடவை எனக்கு இருந்தது. இப்போது சட்டைப் பையிலேயே ஒரு நூல்கண்டு இருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பியும் பாருங்கள். சரியாக நடுவில் வரும்போது பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால், பால்ரஸ் ஓடும் கிண்ணத்தில் குழி விழுந்திருக்கிறது. இதை மாற்றலாம், உயிர்போகும் விஷயமில்லை. கடைசியாக, பெடல் அச்சுக் குழாயின் அடியில் பொறித்த எண்ணைப் பாருங்கள். அதைத் தேய்த்து அழித்திருந்தால் பேச்சே வேண்டாம்; அது யாருடைய சைக்கிளோ.

என் முன் சக்கரத்துக்கு 32-630 டயர் தேடிப்பிடித்து வாங்கினேன். பின்னாலும் 630 சக்கரம் போட்டு ஜோடி சேர்க்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். எதற்கு? பிரேக் இரண்டும் பிடிக்கின்றன, ஃபிரேம் நேராக இருக்கிறது, செயினும் பல்லும் இப்போது ஒரே வயது. முன்னால் 4 மி.மீ. உயரமாக இருப்பதால் யாருக்கும் கழுத்துச் சுளுக்கு வந்ததில்லை.

என்றாவது ஒருநாள் இதை விற்பேன். வாங்க வருபவர் மணியடித்துப் பார்ப்பார், சீட்டைத் தடவுவார். பிரேக் கட்டை எந்த உயரத்தில் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பாரா, தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன பிரஷ்ஷும் வெள்ளைப் பெயின்ட்டும் எடுத்து, முன் ரிம்மில் வால்வுக்குப் பக்கத்தில் 630 என்றும், பின் ரிம்மில் 622 என்றும் எழுதி வைத்தேன். எழுத்து கோணல்தான். இடது கிராங்கில் எதுவும் எழுதவில்லை.